விட வேண்டிய பழம்

அம்மாவுக்கு முன்னால் இன்னும் நாலு பேர்தான். பவதாரிணி திரும்பவும் எண்ணினாள். எண்ண எண்ணக் கூடுகிற விஷயமா அது, நாலு நாலுதான்: பெரியப்பா, பெரியம்மா, பஸ்ஸில் பின்சீட்டு வாத்தியார், அவர் சம்சாரம், அதற்கப்புறம் அம்மா. நாசிக்கில் தை மாசக் குளிர் இப்படிக் கடிக்கும் என்று கம்பத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை. கோதாவரி என்றதும் எல்லோர் வாயிலும் புண்ணியம்தான் வந்தது, ஸ்வெட்டர் வரவில்லை. முங்கி எழுந்து கால் மணி நேரமாகியும் சுடிதார் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு உடம்பு உதறுகிறது. ராமகுண்டத்துப் படிகளில் ஒரே ஈரம், சாமந்தி இதழ்கள், யாரோ மிதித்து நசுக்கிய இலைத் தொன்னை, எதிர்ப்பக்கத்தில் புடவையை இரண்டாக மடித்துக் கல்லில் அடிக்கிற பெண்கள், ஒவ்வொரு அடிக்கும் எழுந்து பறந்து திரும்பி உட்காருகிற புறாக்கள். கீழ்ப்படியில் புரோகிதர் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார், மராத்தியர், தமிழ்நாட்டு யாத்திரைக் கூட்டங்களை இருபது வருஷமாகக் குளிப்பாட்டியதில் தமிழ் ஒட்டிக்கொண்டவர், ஆண்கள் எல்லோரும் அவருக்கு அண்ணா, பெண்கள் எல்லோரும் மாமி, எட்டு வயசுப் பெண்ணையும் மாமி என்றுதான் கூப்பிட்டார். ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவார், கையில் ஒரு வெற்றிலையும் எள்ளும் தண்ணீரும் கொடுப்பார், "பழம் சொல்லு" என்பார். இனிமேல் ஆயுசுக்கும் தொடுவதில்லை என்று ஒரு பழத்தின் பெயரைச் சொல்லி வெற்றிலையை ஆற்றில் விட வேண்டும். அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்தில் அம்மா திராட்சை என்று சொல்லப் போகிறாள். பெரியப்பா சொல்லச் சொல்லியிருக்கிறார். அம்மா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை, ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவள் பாட்டுக்கு.

முதலில் இது காசியே இல்லை. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று பவதாரிணி நினைத்தாள், பட்டிமன்றத்தில் எதிரணியின் அஸ்திவாரத்தை முதலில் உருவுவது மாதிரி. காசிக்கும் கயைக்கும் போனால்தான் பழம் விடுவார்கள், காய் விடுவார்கள், நாசிக்கில் எதற்கு? நேற்றுச் சாயந்திரம் பஸ்ஸிலேயே கேட்டாள். பெரியப்பா சிவனாண்டி சீட்டில் பாதி திரும்பி உட்கார்ந்து, "ஏத்தா, கோதாவரியும் கங்கைதான். தெக்கத்திக் கங்கை. நீ படிச்ச பிள்ளை, இது தெரியாதா?" என்றார். படிச்ச பிள்ளை என்று அவர் சொல்லும்போதெல்லாம் அதில் ஒரு கொட்டு இருக்கும். கங்கை என்றால் பழம் விடலாம், சரி, இரண்டாவது, எதற்குத் திராட்சை? எதை வேண்டுமானாலும் விடலாமே? அதற்கும் பதில் வைத்திருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "போனவனுக்கு எது பிடிக்குமோ அதைப் பொஞ்சாதி விடணும். அதுதான் முறை. என் தம்பி போத்திராஜுக்குத் திராட்சைன்னா உசுரு. கம்பம் பள்ளத்தாக்குலயே அவனை மாதிரி திராட்சை தெரிஞ்சவன் உண்டா? அவன் பொஞ்சாதி வீருச்சின்னம்மா அதை விட்டாத்தான் அவன் ஆத்மா குளிரும்." பஸ்ஸில் பாதிப் பேர் உச்சுக் கொட்டினார்கள். முறையாம். எந்த ஊர் முறை, யார் எழுதின முறை? இந்த முறைகளெல்லாம் பெரியப்பாவுக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவில் தைத்து வருகின்றன. மூன்றாவது, இதுதான் அவள் வாய்க்குள் நின்று எரிகிற மூன்றாவது: விட்ட பழத்தை நாக்கில் வைக்கக் கூடாது, கையில் எடுக்கவும் கூடாது. கம்பத்தில் இதில் விளையாட்டே கிடையாது. காசியில் வாழைப்பழம் விட்டு வந்த பக்கத்து வீட்டு அத்தை முப்பது வருஷமாகச் சாமிக்குக்கூட வாழைப்பழம் நறுக்குவதில்லை, மருமகளைக் கூப்பிடுவாள். அம்மா திராட்சையை விட்டால் அம்மா எப்படித் திராட்சைத் தோட்டத்துக்குள் போவாள்? பழத்தைக் கடித்துப் பார்க்காமல், அப்பா குறித்த மாதிரி வெட்டு நாள், குலையை அறுக்கிற நாள், குறிக்க எப்படிப் பழகுவாள்? குலையைத் தொடாமல் எந்தப் பந்தலின் கீழே எந்த வேலையைச் செய்வாள்? தோட்டம் தானாக நடந்து வேலியைத் தாண்டிப் பெரியப்பா தோட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். ஒரு கையெழுத்து வேண்டாம், ஒரு சண்டை வேண்டாம். ஒரு வெற்றிலை போதும்.

பின்சீட்டு வாத்தியார் குளிரில் "சிவ சிவ" என்று பல்லைத் தந்தியடித்துக்கொண்டிருந்தார். புரோகிதர் எங்கேயோ செல்போனில் மராத்தியில் யாரையோ திட்டி முடித்துவிட்டு எள் டப்பாவைத் திறந்தார். நேற்று மத்தியானம் வரை திராட்சையை விடுவது என்கிற பேச்சே இல்லை, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை, நேற்று மத்தியானம் வரை பெரியப்பா ஷீரடியில் வாங்கின விபூதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். எல்லாம் வழியில் பார்த்த ஒரு தோட்டத்தில்தான் ஆரம்பித்தது. டூர்க்காரர் மைக்கில், "அடுத்ததா ஒயின் தயாரிக்கிற ஊரு, திராட்சைத் தோட்டம் பாக்கலாம்" என்று அறிவித்ததும், ஷீரடியிலிருந்து மூட்டு வலி என்று இறங்கவே மறுத்த ஆறு ஆண்கள் வண்டி நிற்பதற்குள் வாசலில் நின்றார்கள், பெரியப்பா முதல் ஆள். நம்மூர் ஒயின்ஷாப்பை மனசில் வைத்துக்கொண்டு இறங்கினவர்களுக்கு அங்கே கிடைத்தது இஞ்சி டீ. தோட்டக்காரி ஒரு மராத்தி அம்மாள், நெற்றியில் பெரிய பொட்டு, முட்டிக்கு மேலே சொருகின புடவை, டீயைக் கொடுத்துவிட்டு வெயிலில் உட்கார்ந்தாள். டீ குடித்துக்கொண்டே ஆறு பேரும் அந்த அம்மாளைத் துரோகியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். பவதாரிணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை, திரும்பி அம்மாவிடம் சொல்லலாம் என்று பார்த்தால் அம்மாவைக் காணோம். அம்மா கொடிகளுக்கு நடுவே இருந்தாள். இங்கே பழம் பச்சை, நீளம், விதையில்லாதது, நம்முடையது கறுப்பு, உருண்டை, பன்னீர் திராட்சை. பார்த்தே இராத பழம். அம்மா ஒரு குலையின் அடியில் கையை வைத்து எடை பார்ப்பது மாதிரி ஏந்தினாள், மேல்பழத்தைத் தொடவில்லை, குலையின் நுனியில் இருந்த கடைசிப் பழத்தைத்தான் கிள்ளினாள், வாயில் போட்டாள், கண்ணை மூடினாள். அந்த முகம். அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று பவதாரிணிக்குத் தோன்றியது, எங்கே என்று பிடிபடவில்லை. கண்ணைத் திறந்ததும் அம்மா அந்த மராத்தி அம்மாளைப் பார்த்து வலது கையில் ஐந்து விரலையும் விரித்தாள், அப்புறம் இடது கையில் மூன்று. வெட்ட இன்னும் எட்டு நாள். தோட்டக்காரி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போய் இனிப்பு பார்க்கிற மீட்டரை எடுத்து வந்து, ஒரு பழத்தை அதன் கண்ணாடியில் பிழிந்து, வெயிலில் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவளும் எட்டு விரலைக் காட்டினாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது, இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஆட்டினார்கள். பெரியப்பா டீயை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, வண்டி கிளம்பினதும், தம்பியின் ஆத்மா குளிர வேண்டிய அவசியம் அவருக்கு வந்துவிட்டது.

"அண்ணா, வா. பழம் சொல்லு." பெரியப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு இறங்கினார், வெற்றிலையை இரண்டு கையிலும் ஏந்தினார், கணீரென்று சொன்னார்: "ஸ்ட்ராபெர்ரி." பவதாரிணிக்குக் காது சரியாகத்தான் கேட்டது. ஸ்ட்ராபெர்ரி. கம்பத்தில் ஐஸ்கிரீம் கடைப் படத்தில் தவிர ஸ்ட்ராபெர்ரி கிடையாது. அடுத்து பெரியம்மா, சங்கிலியைச் சேலைக்குள் விட்டுக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, "அது என்னங்க, அந்த முடி இருக்குமே" என்று புருஷனைப் பார்த்தாள், அவர் எடுத்துக்கொடுத்தார், "கிவி." ஆத்மா குளிர்கிறது. ஊரே இப்படித்தான் விடுகிறதென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, பக்திக்கும் சௌகரியத்துக்கும் சண்டை வந்தால் ஜெயிப்பது யாரென்று தெரியாமல் இல்லை, ஆனாலும் கிவி! பேசு, இப்பவே பேசு என்று அவள் தனக்குள் சொன்னாள். பேச வாயெடுத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மதுரையில் பல்கலைக்கழக மேடையில் மூன்று கோப்பை வாங்கின நாக்கு இது. பெண்ணுக்குச் சொத்துரிமை பற்றி எட்டு நிமிஷம், நடுவர் மணியடித்த பிறகும் ஒரு நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷத்தை இங்கே அவிழ்த்தால் என்ன நடக்கும்? பெரியப்பா அழுவார். அதுதான் அவருடைய ஆயுதம், உண்மையாகவே அழுவார், தம்பி மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று சொல்ல முடியாது, அப்பாவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தவர். அவர் அழுதால் பஸ்ஸே சேர்ந்து அழும், அப்பனுக்குப் பிடித்ததை அம்மா விடக்கூட விடாத மகள் என்று அவளுக்குப் பெயர் வரும், அம்மா அதற்குப் பயந்தே திராட்சை என்று சொல்லிவிடுவாள். வாதம் ஜெயிக்கும், தோட்டம் போகும். போன தையில் அப்பா இறந்ததும் இப்படித்தான். அம்மாவை மூன்று மாசம் வீட்டைவிட்டு வெளியே விடக் கூடாதென்றார்கள், பவதாரிணி நடு வீட்டில் நின்று அரை மணி நேரம் கத்தினாள், எல்லோரும் கேட்டார்கள், யாரோ காபி கொடுத்தார்கள், அம்மா உள்ளேதான் இருந்தாள். அந்தச் சித்திரை வெட்டைப் பெரியப்பாதான் நடத்தினார். பழம் புளித்தது. வியாபாரி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஏற்றினார். போத்திராஜோடு தோட்டத்து இனிப்பும் போயிருச்சு என்று ஊர் பேசியது. ஆவணி வெட்டுக்குப் பெரியப்பா பழனியில் இருந்தார், வியாபாரி வந்தபோது வீட்டில் அம்மா மட்டும்தான், அந்தத் தடவை பழம் தேனாக இருந்தது. "போத்தி உங்கம்மா கனவுல வந்து நாள் சொல்லியிருக்காம்மா" என்று பெரியப்பா போனில் சொன்னார். ஆவியாவது கனவாவது என்று வாதாடி ஒரு கோப்பை வாங்கினவள் அன்றைக்கு விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அப்பா வந்துட்டார், அப்பா நாள் சொல்ல வந்துட்டார் என்று.

வாத்தியார் இறங்கிக்கொண்டிருந்தார், முட்டி சடசடத்தது. இன்னும் இரண்டு பேர். அப்பா நாள் சொல்வது. அது ஒரு திருவிழா மாதிரி. கம்பத்து வியாபாரி, கேரளாவிலிருந்து வருகிற வியாபாரிகள், பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் பந்தலுக்குக் கீழே குனிந்து நிற்பார்கள், அப்பா குலையை வெயிலுக்கு நேராகத் தூக்குவார், மோந்து பார்ப்பார், ஒரு பழத்தைக் கடித்து, வாய்க்குள் புரட்டி, தூரமாகத் துப்புவார், பெரிய மௌனம், அப்புறம் "நாலு நாள்" என்பார். நாலு நாள் என்றால் நாலு நாள்தான், பள்ளத்தாக்கே நம்பும். ஏழெட்டு வயதில் பவதாரிணி மோட்டார் ரூம் மேல் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறாள், அப்பா என்ன ஒரு ராஜா என்று நினைத்திருக்கிறாள். அதே ஞாபகத்தில் அம்மாவும் உண்டு, அம்மா ஒரு ஓரத்தில், பனியில் முழங்கால் வரை நனைந்த சேலையோடு, "இன்னும் நாலு நாளைக்குத் தண்ணி பாய்ச்சாதீக" என்று அப்பாவிடம் அதட்டுகிற மாதிரி எதையோ சொல்வாள். அப்பா சொன்னதை அம்மா திருப்பிச் சொல்கிறாள். இல்லை, எங்கேயோ இடிக்கிறது. மறுபடி. அப்பா குலையைத் தூக்குகிறார், மோந்து பார்க்கிறார், கடிக்கிறார், துப்புகிறார், நாலு நாள். ஏன் துப்ப வேண்டும்? அம்மா நேற்றுத் துப்பவில்லையே, கண்ணை மூடி முழுங்கினாளே. அப்பா எதைத்தான் முழுங்கினார்? பலாப்பழம். குமுளியிலிருந்து மலைப்பாதையில் மொபெட்டின் பின்னால் கயிற்றில் கட்டி ஒரு பிள்ளையைக் கூட்டி வருவது மாதிரி கொண்டுவருவார், மோட்டார் ரூம் நிழலில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து சுளை சுளையாக, யாருக்கு அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டு, பால் பிசுபிசுத்த விரலால் அம்மா மூக்கில் அப்பா ஒரு தடவை தடவிவிட்டு ஓடினார், அம்மா கொட்டையை எடுத்து எறிந்தாள். அப்பாவின் வாயில் இரண்டே வாசனைதான், பலாவும் போயிலையும். போயிலை. கன்னத்தில் எப்போதும் அடக்கி வைத்த ஒரு கட்டி, காலையில் பல் விளக்கும் முன்னாலேயே. குழம்பில் உப்பில்லை என்று ஒரு நாளும் சொல்லாத மனுஷன், என்ன தங்கமான குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். மறுபடி. மோட்டார் ரூம். பனி. பனி என்றால் விடியற்காலை. வியாபாரிகள் வெயிலில்தானே வந்தார்கள், அப்பா குலையை வெயிலுக்கு நேராகத்தானே தூக்கினார்? அம்மாவின் சேலை பனியில் நனைந்திருந்ததென்றால் அம்மா அதற்கு முன்னாலேயே, யாரும் வருவதற்கு முன்னாலேயே, வரிசை வரிசையாகக் குனிந்து போய், நுனிப் பழமாகக் கிள்ளி, கண்ணை மூடி. அந்த முகம். நேற்றுப் பார்த்த அதே முகம், பந்தலுக்குக் கீழே, இலை நிழலோடு. "இன்னும் நாலு நாளைக்குத் தண்ணி பாய்ச்சாதீக." அது முதலில். அதற்கப்புறம் வெயில், வியாபாரிகள், குலை, மோப்பம், துப்பல். நாலு நாள். பதினைந்து வருஷமாக அந்த ஞாபகத்தைத் தலைகீழாக அடுக்கி வைத்திருந்திருக்கிறாள், எதையும் ஆதாரம் கேட்காமல் நம்பாத பவதாரிணி. அப்பா கனவில் யாருக்கும் வரவில்லை. ஆவணியில் பழம் இனித்தது, ஏனென்றால் ஆவணியில் அம்மா வீட்டில் இருந்தாள்.

அவளுக்குக் குளிர் விட்டுப்போனது. அம்மா! ஆனால் இப்போது அம்மாவின் மௌனம் வேறு மாதிரி தெரிந்தது, பயந்த மௌனமில்லை அது. மாட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும், ஏன் என்று சொன்னால் செத்துப்போன மனுஷனின் பெயரை, பள்ளத்தாக்கு முழுக்கப் பரவின ஒரே பெயரை, இவளே இந்தத் தண்ணீரில் விட வேண்டும். அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் ஒரு வருஷமாக. வாத்தியார் சம்சாரம் டிராகன் பழத்தை விட்டுவிட்டு மேலே ஏறினாள். "மாமி, நீ வா. ஜல்தி, ஜல்தி. பழம் சொல்லு." அம்மா இறங்கினாள். வெற்றிலையை வாங்கினாள். தண்ணீர் வெற்றிலையிலிருந்து சொட்டுச் சொட்டாக முழங்கையில் இறங்கியது. "சொல்லு சின்னவளே, திராட்சைன்னு சொல்லு" என்றார் பெரியப்பா, குரல் அப்போதே கரகரத்தது, "அவனுக்குப் பிடிச்சது அதுதானே. வேற என்ன இருக்கு அவனுக்கு? பாப்பா, நீயே சொல்லு உங்க அம்மாவுக்கு. உங்கப்பனுக்கு எது பிடிக்கும்?" எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடையை அவரே போட்டுக் கொடுத்துவிட்டார், மைக்கையும் கையில் கொடுத்துவிட்டார். ஒன்பது நிமிஷப் பேச்சும் தொண்டைவரை ஏறி வந்தது, சொத்துரிமை, சடங்கு, காசி, முறை, யார் எழுதின முறை. அதையெல்லாம் அவள் விழுங்கினாள். தன் வாழ்நாளிலேயே மிகச் சின்னப் பேச்சைப் பேசினாள். "அப்பா ஒரு திராட்சைகூட முழுங்கி நான் பாத்ததில்லை பெரியப்பா. கடிச்சுத் துப்பிருவாரு. நீங்க பாத்திருக்கீங்களா?" பெரியப்பா வாயைத் திறந்தார். யோசித்தார். அவர் பொய் சொல்லவில்லை, அதை அவருக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆற்றங்கரையில் தம்பி பேரில் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "அப்ப அவன் வெட்டு நாளு எப்பிடிச் சொன்னான்?" என்று கேட்டார், சின்னப் பிள்ளை மாதிரி. அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடிதான். உனக்கு எப்போ தெரியும் என்று கேட்கிற பார்வை, இப்பத்தாம்மா என்று பவதாரிணியின் கண் சொன்னது, அந்த நொடியில் அம்மாவின் தோளிலிருந்து என்னமோ இறங்கினது. "நான் அவுகளுக்குச் சொல்வேன் மாமா," என்றாள் அம்மா, "அவுக ஊருக்குச் சொல்வாக." கோபமில்லை, அழுகையில்லை, கடைத்தெருவில் வழி சொல்வது மாதிரி. "போயிலை போட்டுப் போட்டு அவுகளுக்கு நாக்குல ருசியே கிடையாது, பலாப்பழம் ஒண்ணுதான் தெரியும். இருபத்தஞ்சு வருசமா ரெண்டு பேரும் சேந்துதான் நாள் குறிச்சோம். அவுக சொன்னாத்தான் ஊரு கேக்கும்னு அவுக சொன்னாக. கேட்டுச்சில்ல? அவுக பேருக்கு ஒரு குறையும் இல்ல. ஒரு நாளும் என்னை மீறிச் சொன்னதில்ல அவுக. அப்பிடி ஆம்பளை கம்பத்துல எத்தனை பேரு?" பெரியம்மா மட்டும், கிவியை விட்ட அதே பெரியம்மா, "அதான பாத்தேன்" என்றாள், யாரையும் பார்க்காமல், வெகு நாளாக மனசில் வைத்திருந்த ஒன்றைச் சொல்வது மாதிரி. புரோகிதர் எள் டப்பாவைத் தட்டினார். "மாமி, பழம்!" அம்மா வெற்றிலையைப் பார்த்தாள். உதடு ஒரு தடவை கோணியது, மூக்கை ஒரு விரலால் துடைத்துக்கொண்டாள், அங்கே எதுவோ ஒட்டியிருப்பது மாதிரி. "பலா," என்றாள். "பலாப்பழத்தை விட்டேன்." வெற்றிலை சாமந்திகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்ட்ராபெர்ரியையும் கிவியையும் டிராகன் பழத்தையும் தாண்டிக்கொண்டு போனது. அந்தப் படியில் அன்றைக்குத் தின்று பழகின ஒரு பழத்தை விட்டவள் அவள் ஒருத்திதான்.

மேலே ஏறும்போது பவதாரிணிக்குக் கால் தரையில் பாவவில்லை. சொல்ல வேண்டும், எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டும், அந்த ஒன்பது நிமிஷத்தையும் இப்போது பேசினால் என்ன என்று இருந்தது, மூன்று கோப்பையையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கை தட்ட வேண்டும். புறாக்கள் எழுந்தன, எதிர்க்கரையில் புடவை அடிக்கிற சத்தம், அதுவே போதும், அதுவே கைதட்டல் மாதிரித்தான் இருந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது, பலாவுக்காக. இனிமேல் அம்மா அதைத் தொடமாட்டாள், அம்மாவுக்கு விளையாட்டாக விடத் தெரியாது. பெரியப்பா பக்கத்தில் ஏறி வந்தார், துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார், கடைசியில் யாரிடமோ சொல்வது மாதிரி, "சித்திரையில எத்தனை நாள் முந்தி வெட்டுனேன்?" என்றார். "அஞ்சு நாள்" என்றாள் அம்மா. "வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு எப்பிடித் தெரியும் உனக்கு?" "நீங்க ஒரு குலை குடுத்து விட்டீகளே மாமா, துக்க வீட்டுக்குன்னு. தின்னேன்ல." பவதாரிணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், வாத்தியாரும் சிரித்தார், பெரியப்பா முறைத்துப் பார்த்தார், முறைப்பு பாதியில் நின்றுவிட்டது. படி முடிகிற இடத்தில் ஒரு தள்ளுவண்டி, பச்சைத் திராட்சை மலை மாதிரி குவித்து, மேலே தண்ணீர் தெளித்து, மினுக்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த கூட்டமே அதைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று வாயில் போட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பாவும் ஒன்றை எடுத்தார், மென்றார், தன்னையறியாமல் தலையாட்டினார், "நல்லாத்தான இருக்கு?" என்றார். ஆனால் அதைக் கேள்வியாகத்தான் கேட்டார், அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். வண்டிக்காரன் உட்பட எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். குவியலின் மேலிருந்து எடுக்கவில்லை, ஒரு குலையைத் தூக்கித் திருப்பி, நுனியில் தொங்கின கடைசிப் பழத்தைக் கிள்ளினாள், வாயில் போட்டாள், எல்லோர் முன்னாலும், கோதாவரியின் முன்னாலும், அவசரப்படாமல் கண்ணை மூடினாள்.

"மூணு நாள் விட்டிருக்கலாம்," என்றாள்.